இருமுறை இழந்தவள்: மரியாமா பாவின் ‘இத்தனை நீண்ட மடல்’ புதினத்தில் துயரும் தேறுதலும்

கணவனை இழந்த பெண் காத்திருக்க வேண்டிய காலம் 4 மாதமும் 10 நாள்களும் எனத் திருக்குர்ஆன் (2:234) வரையறுக்கின்றது. தமிழ் முஸ்லிம்கள் இதனை ‘இத்தா’ என வழங்குவர். இவ்வரபுச் சொல்லின் வேர் எண்ணுதல் என்னும் பொருளுடையது. நாள்களை எண்ணுதல் என்ற அளவிலேயே நாம் இதனை அறிந்து வைத்திருக்கின்றோம். ஆனால் தமிழில் எண்ணுதல் என்பதற்குக் கணக்கிடுதல், நினைத்தல் என இரு பொருள் உண்டல்லவா? அறைக்குள் அமர்ந்து நாள் எண்ணும் அப்பெண் வேறு எவற்றையெல்லாம் எண்ணுகின்றாள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? செனகல் நாட்டுப் பெண் எழுத்தாளர் மரியாமா பா கேட்டார். கேட்டதன் பயன் ஒரு சிறு புதினம். ‘இத்தனை நீண்ட மடல்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம்.

பிரெஞ்சு மொழியில் எழுதப்பெற்ற இப்புதினம் 1979இல் செனகலின் தலைநகர் தாக்கரில் வெளிவந்தது. ஆப்பிரிக்காவில் பதிப்பிக்கப்பெறும் நூல்களுக்கான நோமா விருது 1980இல் முதன்முதலாக வழங்கப்பெற்றபோது, அதனைப் பெற்ற நூல் இதுவே. 1981இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. மரியாமா பா 1929இல் பிறந்தவர், இளமையிலேயே தாயை இழந்து தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர், பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர், 9 பிள்ளைகளுக்குத் தாய், மணவிலக்குப் பெற்றவர். கணவனை இறப்பால் இழந்தவர் அல்லர் என்பதை ஈண்டு குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் புதினம் அச்சேறி வருமுன்பே, 1981இல் அவர் மறைந்துவிட்டார்.

கதையும் பெயர்களும்

கதைத்தலைவியின் பெயர் ரமத்துலாயி. ‘ரஹ்மத்துல்லாஹ்’ என்பதே செனகல் நாவில் இவ்வாறு ஆகியுள்ளது. அவள் கணவன் மொது. முஹம்மது என்னும் திருப்பெயரின் அந்நாட்டு வடிவம் அது. தோழி ஐசத்து, நம் ஆயிஷா. இப்பெயர்களின் அயன்மை கண்டு மாணவர் மருள வேண்டுவதில்லை. சற்று உற்றுக் கேட்டால் நம் தெருவில் அழைக்கப்படும் பெயர்களே அவை.

ரமத்துலாயி பள்ளி ஆசிரியை. மொது வழக்குரைஞன்; தொழிற்சங்கவாதி; பின்னர் அமைச்சகத்தில் ஆலோசகன். மகளுக்கு வேறொரு மருத்துவரை மணமகனாக மனத்தில் வைத்திருந்த தாய், மொதுவின் முன்பற்களுக்கு இடையிலுள்ள சந்தைக் கண்டு, இவன் நம்பத் தகாதவன் என்று ஐயுற்றாள். மகள் அதனைப் பொருட்படுத்தாமல் காதலித்தவனையே கைப்பிடித்தாள். 25 ஆண்டு இல்லறம், 12 பிள்ளைகள். அதன்பின் மொது தன் மூத்த மகள் தாபாவின் பள்ளித் தோழி பினெத்துவை இரண்டாம் மனைவியாக்கிக்கொண்டு போனான். திரும்பி வரவேயில்லை. ஐந்து ஆண்டுகள் கழிந்து ஒருநாள் அலுவலகத்தில் மாரடைப்பால் இறந்தான். அவனது இறப்பிலிருந்தே புதினம் தொடங்குகின்றது. இத்தா இருக்கும் ரமத்துலாயி, அமெரிக்காவிலுள்ள தோழிக்குக் குறிப்பேடு ஒன்றில் எழுதத் தொடங்கும் மடலே முழுப் புதினமும் ஆகும்.

இது கணவனை இழந்த பெண்ணின் துயர் பற்றிய புதினம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயினும் முதற் சில பக்கங்களைக் கடந்ததும் ஒரு வியப்பு நேர்கின்றது. இறந்த மொதுவுக்காக அவள் வடிக்கும் கண்ணீர் சிறிதே. ஐந்தாண்டுகளுக்கு முன் பிரிந்து சென்ற மொதுவுக்காக அவள் எழுதும் பக்கங்களே மிகுதி. கணவனை அவள் இருமுறை இழந்தாள். முதல் இழப்பிற்குச் சடங்கு இல்லை, ஆறுதல் கூற வருவோர் இல்லை, ஒதுங்கி அமர ஓர் அறை இல்லை, துயர் முடிந்தது என்று சொல்ல ஒரு நாளும் இல்லை. இரண்டாம் இழப்பிற்கு இவையனைத்தும் உண்டு. இரண்டாவதற்குக் கிடைத்த காலத்தை முதலாவதற்குச் செலவிடுகின்றாள் ரமத்துலாயி. இப்புதினத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது என்பது என் துணிபு. ஆசிரியர் கைம்பெண் அல்லர், மணவிலக்குப் பெற்றவர் என்பதை முன்னரே குறித்தது இதன்பொருட்டே.

சாவு வீட்டின் இரைச்சல்

துக்கம் நிகழ்ந்த வீட்டை ஆசிரியர் வரைந்து காட்டும் திறம் தனித்துப் பாராட்டத்தக்கது. கபன் துணி, சேமித்து வைத்த ஜம்ஜம் நீர், மூன்றாம் நாள், எட்டாம் நாள், நாற்பதாம் நாள் ஓதுதல்கள் என நாம் அறிந்தவையே வரிசையாக வருகின்றன. கூடவே நாம் அறிந்தும் பேசாதவையும் வருகின்றன. வருவோர் பணம் தருகின்றனர்; யார் எவ்வளவு தந்தார் என்று ஏட்டில் எழுதப்படுகின்றது; முடிவில் அப்பணம் கணவன் வீட்டார் கைக்குப் போகின்றது. துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் உண்டு களித்துப் பேசிச் சிரிக்கின்றது. நாத்திமார் இரு மனைவியரையும் அருகருகே அமர்த்திக் கூந்தலை அவிழ்க்கின்றனர். 30 ஆண்டு இல்லறத்திற்கும் 5 ஆண்டு இல்லறத்திற்கும் ஒரே புகழுரை. 12 மகப்பேற்றுக்கும் 3 மகப்பேற்றுக்கும் ஒரே சொல். அவர்கள் சமமாக நடத்துகின்றார்களாம்! இந்தச் சமன்மையே அவளைச் சுடுகின்றது.

இவ்விரைச்சல் அடங்கிய பின்னரே இத்தா தொடங்குகின்றது எனலாம். அடைபட்ட அறை அவளுக்குச் சிறையாகத் தோன்றவில்லை. மார்க்கம் விதித்ததை மனமொப்பி ஏற்கின்றாள். சுவர்கள் அவளை அச்சுறுத்தவில்லை, அச்சுறுத்துவன நினைவுகள். இத்தா என்பது பெண்ணை முடக்கும் வழக்கம் என்று கேட்டுப் பழகிய செவிக்கு இது புதிது. 12 பிள்ளைகளுக்குச் சமைத்து, பள்ளியில் பாடம் நடத்தி, பேருந்து நெரிசலில் நின்று, கடன் தவணைகளையும் கட்டணங்களையும் தானே கட்டி வந்த பெண்ணுக்கு வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்த ஓய்வு அது. அவளை யாரும் ‘எழுந்து வா, மறந்துவிடு’ என்று விரட்ட முடியாது. அக்காலம் அவளுக்கு உரிமையாக வழங்கப்பட்டது.

கைவிடப்பட்டவளுக்கு இத்தா ஏது?

மனைவியரிடையே முழு நீதி செலுத்துதல் அரிது என்று கூறும் திருக்குர்ஆன் (4:129), ஒருத்தியின் பக்கமே முற்றிலும் சாய்ந்து மற்றவளை அந்தரத்தில் தொங்குபவளைப் போல விட்டுவிடுதலைத் தடுக்கின்றது. கணவனும் உடன் இல்லை, மண உறவும் முறியவில்லை. மொது ரமத்துலாயியை ஐந்தாண்டுகள் நிறுத்திய இடம் சரியாக இதுவே. இன்னொருத்தியோடு கணவனைப் பகிர்ந்துகொள்ளவும் அவள் ஆயத்தமாக இருந்தாள். தன் முறைக்குரிய நாளில் வருவான் என்று காத்திருந்தாள். அவன் வரவில்லை. ‘விட்டு விலகிவிடு அம்மா’ என்றாள் தாபா. தாய் விலகவில்லை. இவ்விடத்தில் ரமத்துலாயியைக் கோழை என்பாரும் உளர்; இப்புதினத்தை மார்க்கச் சட்டத்திற்கு எதிரான குரலாகக் கொள்வாரும் உளர். இரு சாராரும் அவள் குறிப்பேட்டைப் பொறுமையாகப் படிக்கவில்லை என்றே கருதுகின்றேன். அவள் கேட்பது மார்க்கத்தினின்று விடுதலையன்று. மார்க்கம் தனக்குத் தருவதாகச் சொன்ன நீதி.

கைவிடப்பட்ட மனைவியின் துயரைத் தமிழ் இலக்கியம் அறியாததன்று. வையாவிக் கோப்பெரும் பேகனால் துறக்கப்பட்ட கண்ணகிக்காகக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் (143 – 147) உள்ளன. புலவர்கள் அவளுக்காக மன்னனிடம் வேண்டினர். அது பெருந்தகைமைதான். எனினும் அவளது குரல் புலவர் வாய்வழியாகவே நம்மை வந்தடைகின்றது. ரமத்துலாயிக்கு வழக்குரைக்கும் புலவர் எவருமில்லை. எழுதுகோலை அவளே எடுக்கின்றாள்.

தோழி ஐசத்துவின் வாழ்வு இணைக்கதையாக ஓடுகின்றது. பொற்கொல்லர் மகளான அவளை மருமகளாக ஏற்கப் பொறாத உயர்குடி மாமியார், தன் சகோதரர் மகளை வளர்த்து ஆளாக்கி மகன் மவ்தோவுக்கு இரண்டாம் மனைவியாக்கினாள். ஐசத்து ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு நான்கு ஆண்மக்களுடன் வெளியேறினாள், படித்தாள், மொழிபெயர்ப்பாளராகித் தூதரகப் பணிக்கு அமெரிக்கா சென்றாள். அவள் சென்ற வழி ஒன்று, ரமத்துலாயி நின்ற வழி ஒன்று. எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புக் கூறவில்லை. ரமத்துலாயி பிள்ளைகளோடு பேருந்துக்குத் திண்டாடுவதை அறிந்த ஐசத்து அவளுக்கு ஒரு பியட் மகிழுந்து வாங்கித் தருகின்றாள். அஞ்சி அஞ்சி வண்டியோட்டக் கற்று உரிமம் பெறுகின்றாள் ரமத்துலாயி. ஆறுதல் மொழிகளால் நிரம்பிய எத்தனையோ கடிதங்களைப் புதினங்களில் படித்திருக்கின்றோம். துயருற்ற தோழிக்கு வண்டி வாங்கித் தந்த ஆறுதலை நான் இந்நூலில்தான் கண்டேன்.

மீராஸ் என்னும் கணக்கு

இறந்தவரின் உடைமைகளைப் பங்கிடும் முறைமையை ரமத்துலாயி ‘மீராஸ்’ என்னும் சொல்லால் குறிக்கின்றாள். நம் ஊர்ப்புற ‘மிராசு’, ‘மிராசுதார்’ என்னும் சொற்கள் அதே அரபுச் சொல்லின் வழிவந்தவையே. பங்கிட வேண்டுமாயின் மறைந்தவரின் வரவு செலவெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். மொதுவின் மறைவுகளும் வருகின்றன. பள்ளிப் படிப்பை நிறுத்திய பினெத்துவுக்கு மாதம் 50,000 பிராங்க் ஊதியம்போல் தருவதாக அவன் ஒப்பியிருந்தான். அவளுக்காக வாங்கிய வீட்டின் கடனுக்கு ஈடாக வைத்திருந்ததோ ரமத்துலாயி குடியிருக்கும் வீடு. பத்திரம் அவன் பெயரில் இருந்தாலும் இருவரும் சேர்ந்து சேமித்த பணத்தில் வாங்கியது அது.

இவ்விடத்தில் ஆசிரியர் செய்வது நுட்பமானது. சட்டம் மொதுவின் சொத்தைக் கணக்கிடுகின்றது. ரமத்துலாயி மொது என்னும் மனிதனைக் கணக்கிடத் தொடங்குகின்றாள். அவனது கீழ்மையை மட்டும் எழுதினால் அது வசையாகும். அன்பை மட்டும் எழுதினால் ஒப்பாரியாகும். அவள் இரண்டையும் எழுதுகின்றாள். பிரான்சில் படித்த காலத்தில் அவன் எழுதிய கடிதங்கள், விடுதலையை நோக்கி நாடு நடந்த நாள்களில் அவர்கள் கொண்ட கனவுகள், கடற்கரை உலா, தொழிலாளர்க்காக அவன் பட்ட பாடு ஆகியன ஒருபுறம். மகள் வயதுப் பெண்ணுக்காகத் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு திரிந்த முதுமை மறுபுறம். எந்தப் பக்கத்தையும் அழிக்காமல் எழுதி முடித்த கணக்கிலிருந்தே மன்னிப்பு பிறக்கின்றது. நாற்பதாம் நாளன்று அவனை மன்னித்துவிட்டதாக எழுதுகின்றாள். அவனுக்காக நாள்தோறும் இறைஞ்சுகின்றாள். மறந்துவிட்டதாக எங்கும் எழுதவில்லை.

இருமுறை வந்த மூவர்

புதினத்தில் இரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்குமாறு மாணவர்க்குப் பரிந்துரைக்கின்றேன். முதற்காட்சி ஐந்தாண்டுக்கு முற்பட்டது. ஒரு மாலையில் பள்ளிவாசல் இமாம், மொதுவின் தமையன் தம்சிர், நண்பர் மவ்தோ ஆகிய மூவரும் விழாக்கோலத்தில் வருகின்றனர். மொதுவுக்கு ஏதேனும் ஆபத்தோ என்று இவள் பதறுகின்றாள். சுற்றி வளைத்து இறைவன் நாட்டம் என்றெல்லாம் பேசி, இன்று மொது இரண்டாம் மணம் செய்துகொண்டான் என்கின்றனர். ரமத்துலாயி என்ன செய்கின்றாள்? புன்னகைக்கின்றாள். நன்றி கூறுகின்றாள். பருகக் கொடுத்து வழியனுப்புகின்றாள். தன் வேதனையை அவர்கள் போய்ப் பிறரிடம் கதைப்பதற்குரிய பொருளாக்கித் தர அவள் விரும்பவில்லை. இம்மௌனம் வெறும் அடக்கமன்று, தன்மானம். ஆனால் விலையுயர்ந்த தன்மானம். அன்று விழுங்கிய சொல் ஐந்தாண்டுகள் உள்ளேயே கிடந்தது.

இரண்டாம் காட்சி நாற்பதாம் நாள் கழிந்த பின்னர். அதே மூவர் வருகின்றனர். இத்தா முடிந்ததும் உன்னை நான் மணப்பேன் என்கின்றான் தம்சிர். கேட்கவில்லை, அறிவிக்கின்றான். காத்திருப்புக் காலத்தில் பெண்ணிடம் குறிப்பாக மணவிருப்பத்தைத் தெரிவிக்கலாம், காலம் நிறைவுறுமுன் மணத்தை உறுதி செய்தலாகாது என்பது திருக்குர்ஆன் (2:235) காட்டும் எல்லை. அறைக்குள் இருப்பவள் அவ்வெல்லையை மதிக்கின்றாள். இமாமை உடன் அழைத்து வந்தவனோ அதன் விளிம்பில் கால் வைக்கின்றான்! தம்பியின் மனைவி தன் சொத்தில் ஒரு பகுதி போலும். அவனுடைய மனைவியர் சாயம் தோய்த்தும் பழம் விற்றும் தையற்பொறி மிதித்தும் ஈட்டும் பொருளில்தான் அவன் குடும்பமே நடக்கின்றது.

இம்முறை ரமத்துலாயி பேசிவிடுகின்றாள். 30 ஆண்டு மௌனம் உடைகின்றது. தான் கைமாற்றிக் கொள்ளும் பொருளன்று, தனக்கும் உள்ளமும் அறிவும் உண்டு என்று முகத்துக்கு நேரே உரைக்கின்றாள். மவ்தோ தடுக்க முயல்கின்றான், அவள் நிறுத்தவில்லை. துயரினின்று தேறுதல் என்பதை நாம் கண்ணீர் நிற்பதைக் கொண்டே அளக்கின்றோம். இங்கே அது குரல் திரும்புவதாக வருகின்றது. குறிப்பேட்டில் நாற்பது நாள் பேசிப் பழகியிராவிட்டால் இவ்வறைக்குள் அவள் வாய் திறந்திருப்பாளா என்பது ஐயமே.

அவள் மறுத்தது தம்சிரை மட்டுமன்று. இளமையில் தாய் விரும்பிய அந்த மருத்துவர் தாவுதா தியெங், இப்போது நாடாளுமன்ற உறுப்பினர், கண்ணியமானவர், மீண்டும் வருகின்றார். வெறுக்க அவரிடம் ஒன்றுமில்லை. அவரை மணந்தால் வறுமை தீரும், துணையும் கிடைக்கும். எளிய கதையாசிரியர் எவரும் இங்கே மணவோலை எழுதிப் புதினத்தை முடித்திருப்பர். ஆனால் அவருக்கு மனைவியும் மக்களும் உள்ளனர். ஒருத்தி இடையில் வந்ததனால் கைவிடப்பட்ட தான், மற்றொருத்திக்கும் அவள் கணவனுக்கும் இடையில் எவ்வாறு புகுவது என்று எழுதி, பக்கத்து வீட்டுப் பாணர்குலப் பெண் ஃபர்மத்தா கையில் அக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகின்றாள். உள்ளே மணச் சம்மதம் உள்ளதென எண்ணிப் பூரித்துக் கொண்டுபோன ஃபர்மத்தா, உண்மை அறிந்து திட்டித் தீர்க்கின்றாள். நட்பு மட்டும் போதுமென்று தியெங் ஏற்கவில்லை, விடைபெற்றுவிடுகின்றார். தன் துயரை அளவுகோலாகக் கொண்டு பிறள் துயரை முன்னறியும் இவ்விடத்தை நான் இப்புதினத்தின் உயர்ந்த பகுதியாகக் கொள்வேன்.

ஒரு குறை

இவ்வளவு சொன்ன பின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மொதுவுக்காக இத்தா இருப்பவர்கள் இருவர். மற்றவள் பினெத்து. பள்ளியிறுதித் தேர்வு எழுத வேண்டியவளைத் தாயின் ஆசை இழுத்துவந்து முதியவனுக்கு மனைவியாக்கியது. மூன்று பிள்ளைகளுடன் இளமையிலேயே கைம்பெண்ணாகி நிற்கின்றாள். மீராஸ் முடிவில், ஈட்டு ஆவணங்களோடு வரும் தாபாவிடம் அவ்வீட்டையும் இழக்கின்றாள். அவள் வசதிக்குப் பலியிடப்பட்டவள் என்பதை ரமத்துலாயி அறிவாள். அறிந்தும் அவள் அறைக்குள் நம்மை அழைத்துச் செல்லவில்லை. மடல் வடிவத்தின் எல்லை அது என்று ஆசிரியர் சார்பாக விடை கூறலாம். எழுதுபவள் அறிந்ததை மட்டுமே மடல் அறியும். எனினும் படித்து முடித்த பின்னும் பினெத்துவின் மௌனம் என்னை விட்டு அகலவில்லை. அவள் எழுதியிருந்தால் அவளது மடல் எத்தனை நீளம் இருந்திருக்கும்!

மடல் சேருமிடம்

இறுதிப் பகுதிகளில் வீட்டுச் சிக்கல்கள் வரிசையாக வந்து சேர்கின்றன. பெண்மக்கள் புகைபிடிக்கின்றனர், மகன் ஒருவன் வண்டியில் அடிபட்டு வருகின்றான், தோழியின் பெயர் தாங்கிய மகள் மணமாகுமுன் கருவுறுகின்றாள். சினந்து வெடிக்க வேண்டிய தாய், மகளை அணைத்துக்கொள்கின்றாள். இப்பகுதியைச் சிலர் தேவையற்ற நீட்சி என்பர். பிறர்க்குத் தோள் கொடுக்கும் வலிமை அவளுக்கு மீண்டு வந்துவிட்டதைக் காட்ட வேறு வழி ஆசிரியருக்கு இல்லை என்றே நான் கருதுகின்றேன்.

இவ்வளவு நீண்ட மடல் அஞ்சலில் சேர்க்கப்படவேயில்லை. இத்தா முடியும் தறுவாயில் ஐசத்துவே நேரில் வருகின்றாள். மறுநாள் வரப்போகும் தோழியை எண்ணிப் பார்க்கின்றாள் ரமத்துலாயி. அயல்நாட்டில் வாழ்ந்தவள்; மேசை கேட்பாள், நாற்காலி கேட்பாள், தட்டும் முள்கரண்டியும் கேட்பாள். தருவதாக இல்லை. பாய் விரிக்கப் போகின்றாள். நம் ஊர் விருந்தில் நால்வர் சுற்றி அமர்ந்து ஒரே சஹனில் உண்பதைப் போல, ஆவி பறக்கும் ஒரே பெரிய பாத்திரத்தை நடுவில் வைக்கப் போகின்றாள். மற்றவர் கைகளும் அதில் விழும். ஐசத்து அதற்கு இசைந்துதான் ஆக வேண்டும்.